அத்தைக்கு நான் செய்துவைத்த கல்யாணம்

என் அத்தை மலாவி நாட்டில் மூன்று வருடம் பாடம் நடத்திவிட்டு விடுப்பில் சித்தூருக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. நான்கு மாத விடுப்பு. அது முடிந்ததும் திரும்பிப் போய்விடுவாள் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். போகக் கூடாது என்று நான் தீர்மானித்தேன். தீர்மானித்ததோடு நிற்காமல் ஒரு கடிதமும் எழுதினேன். அதை எழுத எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அத்தை நைனாவின் ஒரே தங்கை. அப்பாவை எங்கள் பக்கத்தில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா பங்காருபாளையத்தில் ஒரு மாம்பழக்கூழ்த் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தார். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். அத்தை மலாவி போவதற்கு முன் பக்கத்து மிஷன் பள்ளியில் தமிழ்ப் பிரிவுக்குக் கணக்கு ஆசிரியை. பிள்ளைகள் தெலுங்குக்கும் இங்கிலீஷுக்கும் போய்விட, தமிழ்ப் பிரிவு வருடாவருடம் சுருங்கி, கடைசியில் ஒரு பெஞ்சில் அடங்கியது. அந்தப் பெஞ்சையும் மூடினார்கள். அதே வருடம் சபைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. மலாவியில் தேயிலைத் தோட்டக் கூலிகளின் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்குக் கணக்கு ஆசிரியை தேவை. கூட்டத்தில் போதகர் அதை வாசித்து முடிப்பதற்குள் அத்தை எழுந்து நின்றுவிட்டாளாம். உட்காரச் சொல்லி நைனா முந்தானையைப் பிடித்து இழுத்ததாகவும், முந்தானைதான் கிழிந்தது என்றும் அம்மா சொல்லுவாள்.

அவளை அனுப்பியது எங்கள் சபையின் அரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவது எங்கள் பெண்களின் வழக்கம். மாதக் கடைசி ஞாயிறு டப்பாக்கள் சர்ச்சுக்கு வரும். பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி எல்லாம் ஒரே பாயில் கொட்டப்பட்டு, எந்த வீட்டிலும் வேகவைக்க முடியாத ஒரு கலவையாகும். இட்லிக் கடை வைத்திருந்த ஒருவர் மட்டும் அதை ஏலத்தில் எடுப்பார். அப்படிச் சேர்ந்ததில் ஒரு பங்கு அத்தையின் பயணத்துக்குப் போனது. சபையில் பாதிப் பேர் கூலி வேலை செய்பவர்கள். எங்கள் வீட்டிலேயே மாதக் கடைசியில் ரேஷன் அரிசிதான். ஏழைகள் பிடி பிடியாகச் சேர்த்து இன்னொரு நாட்டு ஏழைகளுக்கு வாத்தியார் அனுப்பியதில் யாருக்கும் எந்த வியப்பும் இருந்ததாகத் தெரியவில்லை.

அத்தை ஏப்ரலில் வந்தாள். கறுத்து, இளைத்து, கைப்பையில் சாக்பீஸ் தூளோடு வந்தாள். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கட்டில். அதில் அதுவரை நான் மட்டும் படுத்தேன். அவள் வந்தபின் இரண்டு பேர். படுத்துக்கொண்டு அவள் கதை சொல்லுவாள். எல்லாக் கதையும் அவளுடைய நாலாம் வகுப்பைப் பற்றியதாகவே இருந்தது. பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிக் கயிறு கட்டிப் பந்து செய்கிற பையன். தம்பியை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வருகிற பெண். அந்தத் தம்பி எல்லோருக்கும் முன்னால் ஏழாம் வாய்ப்பாட்டை மழலையில் சொன்ன கதை. அவர்களை "என் புள்ளைங்க" என்பாள். என்னை "அண்ணன் பொண்ணு" என்பாள். நான் கவனித்தேன்.

வந்த இரண்டாவது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, புரொஜெக்டரில் அவள் படங்களைக் காட்டினாள். சபையார் துக்கப்படத் தயாராக வந்திருந்தார்கள். சில பெண்கள் கைக்குட்டையை முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள். திரையில் வந்த பிள்ளைகளோ ஒருவர் தோளில் ஒருவர் தொங்கிக்கொண்டு பல் தெரியச் சிரித்தார்கள். தகரக் கூரை, மண் தரை, வெறுங்கால்கள் எல்லாம் இருந்தன. ஆனால் ஒரு படத்திலும் அழுகை இல்லை. கமிட்டியில் மூத்தவர் ஒருவர், ஓய்வு பெற்ற தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா, எழுந்து நின்றார்.

"எல்லாம் நல்லாத்தாம்மா கீது. எத்தினி ஆத்துமாவ ஆதாயம் பண்ணே? அதச் சொல்லு."

"அவங்க ஊரே சர்ச்சுக்குப் போற ஊருங்கய்யா. நான் கணக்கு சொல்லிக் குடுக்கத்தான் போனேன்" என்றாள் அத்தை. "வகுத்தல் வரைக்கும் வந்துக்கீறோம். மீதி வந்தா இன்னா பண்றதுன்னு இன்னும் புரியல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். குமாஸ்தா உட்காரவில்லை. "ரிப்போர்ட்ல இன்னான்னு எழுதறது?"

"மீதி வருதுன்னு எழுதிக்கோங்க."

இட்லிக் கடைக்காரரின் மனைவி குறுக்கே கேட்டாள். "ஏம்மா, அவங்க அரிசி துன்றாங்களா?"

"இல்லக்கா. மக்காச்சோள மாவு. களி மாதிரி."

"அப்ப நாங்க போட்ட அரிசி?"

"அதத்தான் உங்க வூட்டுக்காரரு இட்லி சுட்டுட்டாரே."

சர்ச்சே சிரித்தது. குமாஸ்தா மட்டும் தன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அத்தையை மறுபடி அனுப்புவதா என்று கமிட்டி ஆகஸ்டில் முடிவெடுக்கும் என்பதும், அவர் வேண்டாம் என்றால் அது பெரும்பாலும் நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். அன்று முதல் குமாஸ்தாவை எனக்குப் பிடித்தது.

அன்றே அத்தை ஒரு கட்டுக் கடிதங்களையும் கொண்டுவந்து, ஞாயிறுதோறும் சர்ச்சில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தாள். அவளுடைய நாலாம் வகுப்பு எங்களுக்கு எழுதியவை. ஆளுக்கு ஒன்று. எனக்கு வந்தது மெர்சி என்கிற பெண்ணிடமிருந்து. தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு வருகிற அதே பெண். ஆங்கிலத்தில், கோடு போட்ட தாளில், பென்சிலால் எழுதியிருந்தாள். 'மேடம் எங்களை வகுத்தலில் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். மழைக்கு முன் வருவேன் என்று சொன்னார். உங்கள் ஊரில் மழை எப்போது? அவர் சரியாகச் சாப்பிடுகிறாரா என்று பார்த்துக்கொள்ளவும். மீன் கொடுத்தால் வேண்டாம் என்பார், ஆனால் சாப்பிடுவார்.' கீழே சேலை கட்டிய ஒரு பெண்ணை வரைந்திருந்தாள். அத்தையின் நெற்றித் தழும்பைக்கூட மறக்காமல் போட்டிருந்தாள்.

என் அத்தைக்கு மீன் பிடிக்கும் என்பதை எங்கோ இருக்கிற ஒரு பெண் எனக்குச் சொல்கிறாள். அந்தக் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் நான்கு பேரும் திருப்பதிக்குப் போனோம். துணி எடுக்க என்றார்கள். துணிக் கடைக்குப் போகவில்லை. அங்கே ஒரு சர்ச்சில் ஆராதனைக்கு உட்கார்ந்தோம். முடிந்ததும் ஒருவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். ரேணிகுண்டாவில் ரயில்வே கிளார்க், மனைவி நோயில் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இந்த விவரங்களை அம்மா என் காதில் பஸ் ஸ்டாண்டு வரும்வரை ஊதிக்கொண்டே வந்தாள். அத்தைக்கு அப்போது முப்பத்து நான்கு வயது.

பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டோம். மலையிலிருந்து இறங்கிய குடும்பங்கள் மொட்டைத் தலையில் சந்தனம் காய மேசை மேசையாக உட்கார்ந்திருந்தன. ரயில்வேக்காரர் அதிகம் பேசவில்லை. நைனாவின் கேள்விகளுக்குப் பாதி தெலுங்கில் பதில் சொன்னார். அத்தையிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"உங்க க்ளாஸ்ல எத்தினி பேரு?"

அத்தை சொன்னாள்.

"பேரெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

அத்தை வரிசையாகச் சொல்லத் தொடங்கினாள். அவர் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிப் பெயர் வரைக்கும் கேட்டார். நடுவில் ஒரு பெயரைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவர் அதை உச்சரித்த விதத்தில் அத்தை சிரித்தாள். சாப்பாடு முடிவதற்குள் இரண்டு முறை சிரித்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சந்திரகிரி தாண்டியும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் அம்மாவிடம் நான் கேட்டேன். "அத்தைக்குக் கல்யாணமா?"

"இன்னா கல்யாணம்? ஒண்ணும் இல்ல. அந்தப் பேச்ச வுட்டுடு. வெளிய எங்கியாவது வாயத் தொறந்தே, சூடு வெப்பேன்."

ஆக, அது நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். வருத்தமாக இருந்தது. ரேணிகுண்டா என்றால் பஸ்ஸில் போய்விடலாம்.

அந்த வாரமே ஓய்வுநாள் பள்ளியில் பதில் கடிதம் எழுத வைத்தார்கள். மலாவியில் அத்தையின் பள்ளியை நடத்தும் மிஷனின் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் விடுப்பு முடிந்து திரும்பிப் போவதாகவும், கடிதக் கட்டை அவர் கையோடு எடுத்துப் போவார் என்றும் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரு வெள்ளைத் தாள், ஒரு கவர். இயேசு உன்னை நேசிக்கிறார், நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன், எங்கள் ஊரில் மாம்பழம் கிடைக்கும் என்று கரும்பலகையில் மாதிரி எழுதிப்போட்டார்கள். எல்லோரும் அதையே எழுதினார்கள்.

நான் என் ஆங்கிலத்தில் எழுதியது இது: 'அன்புள்ள மெர்சி, மேடம் இனிமேல் வரமாட்டார். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை ரயில்வேயில் இருக்கிறார். மேடம் வெள்ளைப் பட்டுப்புடவை கட்டியிருந்தார். காருக்கு ரோஜாப்பூ சுற்றியிருந்தார்கள். மூன்று அடுக்குக் கேக் இருந்தது. பிரியாணி போட்டார்கள். மேடம் மிகவும் சந்தோஷமாக இருக்கிறார். இனி நீங்கள் வேறு மேடம் பார்த்துக்கொள்ளவும்.'

கேக்கின் மூன்று அடுக்கு எங்கள் தெருவில் நடந்த வேறொரு கல்யாணத்தில் பார்த்தது. விவரம் கொடுத்தால்தான் நம்புவார்கள் என்று யாரும் சொல்லித்தராமலே எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளைகள் காத்திருப்பதை விட்டுவிட்டால் அத்தைக்குப் போக ஒரு காரணமும் இருக்காது என்பது என் கணக்கு. கவரை ஒட்டிக் கொடுத்தேன். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் கவர்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்தார். பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தக் கடிதக் கட்டைக் கொண்டுபோய்ப் பீடத்தின் மேல் வைத்து, போதகர் அதன்மேல் கைவைத்து ஜெபித்தார். சபை முழுவதும் எழுந்து நின்றது. எங்கள் பிள்ளைகள் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் அங்குள்ள பிள்ளைகளின் இருதயத்தில் விழுந்து பலன் தரட்டும் என்றார். நானும் எழுந்து நின்று ஆமென் சொன்னேன். பக்கத்தில் நின்ற அத்தை என் தலையில் கைவைத்திருந்தாள்.

அதன்பின் ஜூன் முழுவதும் மாங்காய் சீசன். நைனா விடிவதற்குள் போய் இருட்டியபின் வருவார். சட்டையெல்லாம் கூழ் வாடை. அத்தை சனிக்கிழமை தோறும் தனியாகத் திருப்பதிக்குப் போனாள். பாஸ்போர்ட் ஆபீஸ் வேலை என்று அம்மா சொன்னாள். நான் நம்பினேன். சாயங்காலம் அவள் திரும்பும்போது முகம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். எங்களை விட்டுப் போக இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு ஆத்திரம் வரும். அவளும் அம்மாவும் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். ஒருநாள் அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். காகிதம் பிரிக்காத இரண்டு புதுப் புடவைகள் இருந்தன. மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். வந்த புதிதில் அத்தை வாரம் ஒருமுறை நெட் சென்டருக்குப் போய் அந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்கு மெயில் அனுப்புவாள். ஜூனில் போவதை நிறுத்திவிட்டாள். அம்மா கேட்டதற்கு, "போய் எழுதணும் அண்ணி. எழுதத்தான் வரல" என்றாள்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. வேலூரில் வைத்தியம் பார்க்க மலாவியிலிருந்து வந்த ஒரு மிஷனரி அதை எங்கள் போதகரிடம் சேர்ப்பித்து, போதகர் மத்தியானம் கொண்டுவந்து கொடுத்தார். சீசன் ஓய்ந்து நைனாவும் வீட்டில் இருந்தார். அத்தை சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தாள். உள்ளே பளபளவென்று மஞ்சளும் பச்சையுமாக ஒரு துணி. அங்கே பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்வது, பிள்ளையை முதுகில் கட்டிக்கொள்வதும் அதைக்கொண்டுதான் என்று அத்தை சிரித்துக்கொண்டே சொன்னாள். ஓரம் முழுவதும் பேனாவால் பெயர்கள் எழுதியிருந்தன. அதோடு இரண்டு கடிதங்கள்.

முதலாவது தலைமையாசிரியருடையது. அத்தை அதைச் சத்தமாகப் படித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். "உங்க கல்யாணச் சேதி பிள்ளைங்களுக்கு வந்த கடிதத்துல..." அவ்வளவுதான். மீதியை மனதுக்குள் படித்தாள். பிறகு இரண்டாவதை எடுத்தாள். அது கோடு போட்ட தாளில் பென்சில் எழுத்து. நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். தலைகீழாகப் பார்த்தும் யாருடையது என்று தெரிந்தது.

"இன்னா பாப்பா? இன்னா எழுதிக்கீறாங்க?" என்றார் நைனா. தங்கையை அவர் கடைசிவரை பாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

அத்தை தாளை அவரிடம் நீட்டினாள். அவர் ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்தார். அதனால் நானும் கேட்டேன். கல்யாணத்துக்கு வாழ்த்து சொல்லியிருந்தாள் மெர்சி. கேக்கின் மூன்று அடுக்கைப் பற்றி வகுப்பில் வெகுநேரம் பேசினார்களாம். புது மேடம் கிடைக்கவில்லை, அதனால் அவர்களை மூன்றாம் வகுப்போடு சேர்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். வகுத்தலை அவளே மற்றவர்களுக்குச் சொல்லித்தரப் பார்க்கிறாள். பிறகு இப்படி எழுதியிருந்தாள்: 'நீங்கள் எங்களிடம் சொல்லாமல் போனதற்கு நாங்கள் கோபப்படவில்லை. இரண்டு பேர் மட்டும் கோபப்பட்டார்கள். அவர்களையும் துணியில் கையெழுத்துப் போட வைத்துவிட்டேன். நாங்கள் எல்லோரும் உங்களை மன்னித்துவிட்டோம்.'

நைனாவுக்குக் காது சிவந்தது. "எவன் எழுதினது? எவன் வேல இது? நம்ப வூட்டு விஷயம் எப்புட்றா வெளிய போச்சி?" அம்மாவைப் பார்த்தார். அம்மா சத்தியமாக நான் யாரிடமும் மூச்சு விடவில்லை என்று அழத் தொடங்கினாள். பிறகு என்னைப் பார்த்தார். "ஏ பொண்ணு, நீ இன்னா எழுதினே?"

"மாம்பழம்னு எழுதினேன்" என்றேன்.

"வுடுண்ணா" என்றாள் அத்தை. துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "யாரு எழுதினா இன்னா. அவங்க என்ன மன்னிச்சிட்டாங்கண்ணா. நான் இன்னும் அவங்கள ஒண்ணும் கேக்கவே இல்ல."

வெகுநேரம் அந்த மேசை முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பயம் நீங்கி நம்பிக்கை வந்தது. பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள், வேறு மேடம் தேடுகிறார்கள். இனி அவள் எங்கே போவாள்?

மறுநாள் சனிக்கிழமை. அவள் திருப்பதிக்குப் போகவில்லை. ரயில்வேக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முன் அறையில் அவரும் அத்தையும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அம்மா காபி கொடுத்துவிட்டு வந்து என்னைச் சமையலறையில் பிடித்து வைத்துக்கொண்டாள். அங்கே பேச்சு அதிகம் கேட்கவில்லை. ஒரேயொருமுறை அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"ரெண்டு வருஷம்னா நான் காத்துக்கினு இருக்கறேன். எத்தினி வருஷம்னு ஒரு கணக்கு சொல்லுங்க."

அத்தை சொன்ன பதில் என் காதில் விழவில்லை. போகும்போது அவர் காபி டம்ளரைத் தானே உள்ளே கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். ஆகஸ்டில் கமிட்டி கூடியது. குமாஸ்தா எதிர்ப்பார் என்று நான் நம்பியிருந்தேன். பார்சல் விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. "மன்னிக்கிற புள்ளைங்ககிட்ட நம்ப ரிப்போர்ட்ட தூக்கினு போவ முடியாது. அனுப்புங்க" என்றாராம். என் கடிதம் போதவில்லை என்று எனக்குத் தோன்றியது. இன்னும் நன்றாக எழுதியிருக்க வேண்டும். குழந்தை பிறந்திருப்பதாக எழுதியிருக்கலாம்.

நான் காலேஜ் போன பிறகுதான் அம்மா மீதியைச் சொன்னாள். எங்கள் சபையில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் அதை மூன்று ஞாயிறு ஆராதனையில் போதகர் அறிவிப்பார். ஓலை வாசிப்பது என்பார்கள். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். அத்தைக்கு முன்பு ஒரு சம்பந்தம் பேசி, ஊர் முழுவதும் தெரிந்தபின் கலைந்துபோயிருந்தது. அதனால் இந்த முறை ஓலை வாசிக்கும் வரை வீட்டுப் பிள்ளைக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள். ரயில்வேக்காரருக்கு அத்தை மே மாதக் கடைசியிலேயே சரி சொல்லிவிட்டாள். சனிக்கிழமைகளில் அவரைப் பார்க்கத்தான் போனாள். புடவைகள் அதற்குத்தான் எடுத்தவை. மலாவிக்கு மட்டும் அவளால் எழுத முடியவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளைகளிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று தினமும் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். பார்சல் வந்தது வெள்ளிக்கிழமை. முதல் ஓலை அந்த ஞாயிறு வாசிப்பதாக இருந்தது. போதகர் பார்சலைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, இரண்டு பெயரும் எழுதிய தாளை நைனாவிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் போனாராம். அத்தை இருட்டுவதற்குள் போய் அதைத் திருப்பி வாங்கி வந்தாள்.

"அவ இருந்திருப்பா" என்றாள் அம்மா. "எவளோ ஒருத்தி எழுதிக் கெடுத்தா." கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். அந்தப் பள்ளிக்கு இப்போது அவள்தான் தலைமையாசிரியை. ரயில்வேக்காரர் அதற்கடுத்த வருடம் குண்டக்கல்லுக்கு மாற்றலாகிப் போனதாகக் கேள்வி.

அவள் புறப்படுவதற்கு முந்தைய நாள் மத்தியானம் நடந்ததை நான் அம்மாவிடம் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நைனா வேலைக்குப் போயிருந்தார். அம்மா பக்கத்து வீட்டில் ஊறுகாய் ஜாடி வாங்கப் போயிருந்தாள். அத்தை பெட்டியை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டு மேசை எதிரில் உட்கார வைத்தாள். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்தாள்.

"மெர்சிக்கு ஒரு லெட்டர் எழுது. நான் கையோட எடுத்துக்கினு போறேன்."

"இன்னா எழுதறது?"

"உனக்குத் தெரியும் கண்ணு."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் மறுத்திருப்பேன். என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முதல் வரியை எழுதினேன். பிறகு வேறு வழி தெரியாமல் மீதியையும் எழுதினேன். முடித்ததும் தாளை அவள் பக்கம் தள்ளினேன். அவள் எடுக்கவில்லை.

"படி."

"அன்புள்ள மெர்சி" என்று படித்தேன். "நான் முன்பு எழுதியது பொய். மேடத்துக்குக் கல்யாணம் நடக்கவில்லை. ரயில்வே மாப்பிள்ளை இல்லை. கேக் இல்லை. மேடம் உங்களிடம் வருகிறார்."

அத்தை ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. "இன்னொரு வாட்டி படி" என்றாள்.

பிழை பார்க்கிறாள் என்று நினைத்து, இந்த முறை ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி, நன்றாகக் கேட்கும்படி படித்தேன்.